நம்மை நோக்கும் கண்கள்

நூற்பு இயந்திரம் ஒன்றின்மேல் ஒரு கையை ஊன்றியபடி ஒரு சிறுமி நிற்கின்றாள். காலில் செருப்பு இல்லை. பாதங்களில் அழுக்கு அப்பியிருக்கிறது. கறை படிந்த மேலாடை மெலிந்த உடம்பில் தொங்குகிறது. தலைமுடியை வாரிப் பின்னால் கட்டியிருக்கின்றாள். அவளுக்குப் பின்னே கதிர்கள் வரிசையாக நீண்டு மங்கி மறைகின்றன. சிறுமி சிரிக்கவில்லை, அழவுமில்லை. நம்மை நேராக நோக்குகின்றாள்.

1910ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம், அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில், வடக்கு பவுனல் என்னும் சிற்றூரின் பருத்தி ஆலையில் எடுக்கப்பட்ட புகைப்படம் இது. எடுத்தவர் லூயிஸ் ஹைன். படத்தோடு அவர் ஒரு குறிப்பும் எழுதி வைத்தார். ஆலையில் உடன் வேலை செய்த சிறுமியர் அவளுக்குப் பத்து வயது என்றனர். அவளோ தனக்குப் பன்னிரண்டு என்றாள். பள்ளி விடுமுறையில் வேலைக்கு வந்தவள், இனி இங்கேயே இருந்துவிடப் போவதாகவும் சொன்னாள். அவ்வளவே குறிப்பு.

நூறாண்டுக்கும் மேற்பட்ட பழைய படத்தை இன்று எடுத்துவைத்துப் பேசுவானேன் என்று வாசகர்கள் கேட்கலாம். பழைய புகைப்படங்களைக் காண்பதில் நம் எல்லாருக்கும் ஓர் இன்பம் உண்டு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் எடுத்த படங்களைப் புரட்டும்போது, குதிரை வண்டிகள் செல்லும் வீதிகளையும், தொப்பியணிந்த ஆடவரையும், தரையைத் தொடும் உடையணிந்த மகளிரையும் கண்டு வியக்கின்றோம். அந்தக் காலத்து வாழ்க்கை எத்துணை அமைதியாக இருந்திருக்கிறது என்று பெருமூச்சும் விடுகின்றோம். இதில் தவறொன்றுமில்லை. ஆனால் இவ்வாறு பார்க்கையில், பார்ப்பவர் நாம், பார்க்கப்படுவோர் அவர்கள் என்ற அளவில் உறவு நின்றுவிடுகிறது. வடக்கு பவுனல் சிறுமி அப்படி நிற்கவிடுவதில்லை. அவளுடைய கண்கள் நம்மிடம் எதையோ கேட்கின்றன. அது என்னவென்று சிறிது சிந்திக்க விரும்புகின்றோம்.

கண்முன் நடந்த கொடுமை

அமெரிக்காவில் 1900ஆம் ஆண்டு எடுக்கப்பட்ட மக்கள்தொகைக் கணக்கின்படி, பத்து முதல் பதினைந்து வயது வரையுள்ள சிறாரில் ஏறத்தாழ 17 லட்சத்து 50 ஆயிரம் பேர் உழைத்துப் பொருளீட்டி வந்தனர். ஆறு பேரில் ஒருவர் என்று கொள்ளலாம். கரோலைனா, ஜார்ஜியா மாநிலங்களின் நூற்பாலைகளிலும், பென்சில்வேனியாவின் நிலக்கரிச் சுரங்கங்களிலும், கண்ணாடித் தொழிற்சாலைகளிலும், கடற்கரையோரத்தில் சிப்பி உரிக்கும் கொட்டகைகளிலும், பருத்திக் காடுகளிலும், நகரத் தெருக்களில் செய்தித்தாள் விற்கும் பணியிலும் அவர்கள் இருந்தனர்.

ஹைன் எடுத்த படங்கள் அவர்களுடைய நாள்களை நம்முன் விரிக்கின்றன. ஜார்ஜியாவின் மேக்கன் நகர ஆலை ஒன்றில் 1909ஆம் ஆண்டு எடுத்த படத்தில், அறுந்த நூலை முடியவும் வெறும் பாபின்களை மாற்றவும் கை எட்டாமையால் சிறுவர்கள் வெறுங்காலோடு இயந்திரத்தின் மேலேயே ஏறி நிற்கின்றனர். பென்சில்வேனியாவின் பிட்ஸ்டன் பகுதியில் 1911ஆம் ஆண்டு ஜனவரியில் எடுத்த படத்தில், நிலக்கரி சரிந்து ஓடும் பாதைகளின்மேல் வரிசையாகச் சிறுவர்கள் குனிந்தமர்ந்து, கரியோடு கலந்து வரும் பாறைத் துண்டுகளைக் கையால் பொறுக்குகின்றனர். தூசி சில வேளைகளில் கண்ணை மறைக்கும் அளவுக்கு அடர்ந்திருந்ததாகவும், அது சிறுவரின் நுரையீரலின் உள்மூலை வரை புகுந்ததாகவும் ஹைன் எழுதுகின்றார். அவர்களுக்கு மேலாக ஒருவர் நின்று, வேலையில் சோர்ந்தவர்களைக் குத்தியும் உதைத்தும் பணிய வைத்ததையும் அவர் குறிக்கின்றார்.

இவையெல்லாம் மறைவில் நடந்தவை அல்ல என்பதை நாம் கருத வேண்டும். ஆலைகள் ஊர் நடுவே இருந்தன. காலையில் சிறுவர்கள் உள்ளே செல்வதையும் மாலையில் களைத்து வெளியே வருவதையும் ஊரார் நாள்தோறும் கண்டனர். அவர்கள் நூற்ற நூலால் ஆன துணியை எல்லாரும் உடுத்தினர். அவர்கள் பொறுக்கிய கரியால் குளிர்காலத்தில் எல்லாருடைய வீடுகளும் கதகதப்பாயின. கண்டவர்கள் கல்நெஞ்சரும் அல்லர். வேலை செய்தால் பிள்ளைகள் கெட்டுப் போகமாட்டார்கள் என்றனர். கைம்பெண்ணான தாய்க்கு அவன் கூலி உதவுகிறது என்றனர். சிறு விரல்களுக்கே ஏற்ற வேலை என்றனர். எல்லாக் காலத்திலும் இப்படித்தானே என்றனர்.

லூக்கா நற்செய்தியில் இயேசு ஆண்டவர் சொன்ன செல்வர், இலாசர் உவமையை நாம் பலமுறை கேட்டிருக்கின்றோம். அந்தச் செல்வன் இலாசரை அடித்தான் என்றோ, வாயிலிலிருந்து விரட்டினான் என்றோ ஆண்டவர் சொல்லவில்லை. இலாசர் அவனுடைய வாயிலருகே கிடந்தான். செல்வன் போகும்போதும் வரும்போதும் அவனைக் கடந்துதான் சென்றிருப்பான். பழகிப்போன காட்சி கண்ணில் படும், மனத்தில் படாது. செல்வனின் குற்றம் அந்தப் பழக்கமே. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒரு நாடு முழுவதும் அந்தச் செல்வனின் கண்களோடு வாழ்ந்தது.

வாயிலில் சொன்ன பொய்

ஹைன் 1874ஆம் ஆண்டு விஸ்கான்சின் மாநிலத்தில் பிறந்தவர். இளமையிலேயே தந்தையை இழந்து கூலி வேலை செய்தவர். பின்னர் நியூயார்க் நகரில் பள்ளி ஆசிரியரானார். மாணவர்களுக்குக் கற்பிக்கவே புகைப்படக் கருவியைக் கையில் எடுத்தார். 1904ஆம் ஆண்டு முதல், எல்லிஸ் தீவில் வந்திறங்கிய ஏழைக் குடியேறிகளைப் படமெடுத்தார். அதே ஆண்டில் தொடங்கப்பெற்ற தேசியக் குழந்தைத் தொழிலாளர் குழு, 1908இல் அவரைத் தன் பணியில் முழுநேரம் அமர்த்திக்கொண்டது. அதன்பின் பல ஆண்டுகள் அவர் ஆலைதோறும் சுரங்கந்தோறும் அலைந்தார். அக்குழுவின் படங்களாக இன்று அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்டவை உள்ளன.

ஆலை முதலாளிகள் அவரை உள்ளே விட விரும்பவில்லை. ஆகவே அவர் வேடம் புனைந்தார். சில இடங்களில் தீத்தடுப்புப் பார்வையாளர் என்றார். சில இடங்களில் அஞ்சலட்டை விற்பவர் என்றார். சில இடங்களில் இயந்திரங்களைப் படமெடுக்க வந்தவர் என்றார். திருவிவிலியம் விற்பவர் என்று சொல்லியும் நுழைந்திருக்கின்றார்.

இங்கே நம் மனச்சான்று சற்றே தயங்குகிறது. உண்மையை வெளிக்கொணரப் பொய் சொல்லலாமா? அதுவும் இறைவார்த்தையை முன்னிட்டுச் சொல்லலாமா? இக்கேள்வி புதியதன்று. ஐந்தாம் நூற்றாண்டில் ஸ்பெயின் நாட்டில் பிரிசில்லியன் என்பவரின் தப்பறையைப் பின்பற்றியோர் தங்களை மறைத்துக்கொண்டு வாழ்ந்தனர். அவர்களைக் கண்டுபிடிக்கக் கத்தோலிக்கர் தாமும் அவர்களைச் சேர்ந்தவர்போல் நடிக்கலாமா என்று புனித அகுஸ்தீனாரிடம் கேட்கப்பட்டது. அவர் ஏறத்தாழ 420ஆம் ஆண்டில் பொய்யை மறுத்து ஒரு நூலே எழுதி, கூடாது என்று விடையளித்தார். நல்ல நோக்கம் பொய்யை நன்மையாக்காது என்பது அவருடைய முடிவு. புனித தோமா அக்குவினாரும் பிற்காலத்தில் இதையே கற்பித்தார்.

அகுஸ்தீனாரின் தீர்ப்பை நாம் தளர்த்த வேண்டியதில்லை. ஹைன் சொன்னது பொய்தான். ஆயினும், அவருக்குத் தீர்ப்புச் சொல்லுமுன் நம்மை நாமே இரண்டு கேள்விகள் கேட்டுக்கொள்வது நல்லது. உண்மை முன்வாயில் வழியே நுழைய முடியாதபடி கதவை அடைத்து வைத்தவர் யார்? வேலைக்குரிய வயதைவிட மிகச் சிறிய பிள்ளைகளுக்கு வயதைக் கூட்டி எழுதித் தந்த சான்றிதழ்கள் அன்று ஏராளம். பெற்றோர் பொய் சொன்னார்கள். மேற்பார்வையாளர்கள் அறிந்தே ஏற்றுக்கொண்டார்கள். பார்வைக்கு அதிகாரிகள் வந்தபோது பிள்ளைகள் ஒளித்து வைக்கப்பட்டார்கள். அந்தப் பெரும் பொய்யின் வாயிலில்தான் இந்தச் சிறு பொய் சொல்லப்பட்டது.

இரண்டாம் கேள்வி நமக்குரியது. எந்த ஆலை வாயிலிலும் நாம் பொய் சொன்னதில்லை என்றால், அதற்குக் காரணம் நம் நேர்மைதானா? அல்லது நாம் எந்த ஆலை வாயிலுக்கும் போகவே இல்லை என்பதா? எரிகோ செல்லும் பாதையில் காயப்பட்டுக் கிடந்தவனை விட்டு விலகிச் சென்ற குருவும் லேவியரும் தம் கைகளில் கறை படாமல் காத்துக்கொண்டனர். நெருங்கிச் சென்ற சமாரியரின் கைகளில்தான் இரத்தமும் புழுதியும் ஒட்டியிருக்கும். போகாதிருப்பதால் கிடைக்கும் தூய்மையைப் புண்ணியம் என்று நாம் எண்ணிக்கொள்ளலாகாது.

உள்ளே எழுதிய உண்மை

வாயிலில் பொய் சொன்னவர், உள்ளே சென்றபின் உண்மையைத் தவிர வேறொன்றையும் எழுதவில்லை என்பது நம் கருத்தில் நிற்க வேண்டியது. ஒரு படத்தில் ஒரு பொய் கண்டுபிடிக்கப்பட்டாலும் எல்லாப் படங்களும் பொய் என்று முதலாளிகள் சொல்லிவிடுவர் என்பதை ஹைன் அறிந்திருந்தார். தம் மேலங்கியின் பொத்தான்கள் தரையிலிருந்து எத்தனை அங்குல உயரத்தில் உள்ளன என்று முன்கூட்டியே அளந்து வைத்துக்கொண்டு, ஒரு குழந்தை எந்தப் பொத்தான் வரை நிற்கிறது என்று பார்த்து அதன் உயரத்தைக் கணக்கிட்டார். சட்டைப் பைக்குள் மறைவாகக் கைவிட்டுக் குறிப்பெழுதினார். பெயர், வயது, வேலையில் சேர்ந்த காலம், பெறும் கூலி, இடம், நாள் அனைத்தையும் இயன்றவரை பதிந்தார்.

இன்னொன்றையும் அவர் செய்தார். பெரும்பாலான படங்களில் குழந்தை கருவியை நேராகப் பார்க்கும்படி நிறுத்தி, அதன் கண்ணளவுக்குக் கருவியை வைத்தார். மேலிருந்து கீழே நோக்கினால் இரக்கத்துக்குரிய ஒரு பொருள் தெரியும். கண்ணளவில் நோக்கினால் ஓர் ஆள் தெரிகிறார். மனிதர் இறைச்சாயலில் படைக்கப்பட்டவர் என்று நாம் மறைக்கல்வியில் கற்றிருக்கின்றோம். கரித்தூள் படிந்த முகத்திலும் அச்சாயல் அழியவில்லை என்பதை ஹைனின் படங்கள் சொல்லாமல் சொல்கின்றன. இதனால்தான் வறுமையைக் காட்டும் எத்தனையோ படங்களை மறந்துவிடும் நாம், இந்தக் கண்களை மறக்க இயலாமல் தவிக்கின்றோம்.

சட்டமும் திருச்சபையும்

படங்கள் பத்திரிகைகளிலும் சுவரொட்டிகளிலும் பொதுக் கண்காட்சிகளிலும் வெளிவந்தன. மக்கள் மனம் அசைந்தது. 1916இல் அமெரிக்க நாடாளுமன்றம் முதன்முறையாக நாடு தழுவிய குழந்தைத் தொழிலாளர் சட்டம் ஒன்றை இயற்றியது. ஆனால் 1918இல் உச்ச நீதிமன்றம், ஐந்து நீதிபதிகள் ஒருபுறமும் நால்வர் மறுபுறமுமாக, அது செல்லாது என்று தீர்த்தது. வழக்குத் தொடுத்தவர் வட கரோலைனாவின் சார்லட் நகரைச் சேர்ந்த ஆலைத் தொழிலாளி ஒருவர். தம் இரு சிறு மகன்களும் தொடர்ந்து ஆலையில் உழைக்கும் உரிமையைக் கேட்டார். அவருக்குப் பின்னே நின்று வழக்கை நடத்தியவர்கள் ஆலை முதலாளிகள். சில ஆண்டுகள் சென்று அம்மகன்களுள் ஒருவரைப் பத்திரிகையாளர் ஒருவர் சந்தித்தார். வளர்ந்து மணமாகியும் சிறுவனைப் போன்றே எடை குன்றியிருந்த அந்த இளைஞர், வழக்கில் வென்றதால் தமக்கு நன்மை ஏதும் விளையவில்லை என்றும், படிப்பை இழந்ததே மிச்சம் என்றும் சொன்னார். அவருடைய உரிமைக்காகவே வழக்கு நடந்ததாக ஏடுகள் சொல்கின்றன.

வேறு வழியில் கொண்டுவந்த இரண்டாவது சட்டமும் 1922இல் வீழ்ந்தது. 1924இல் அரசியலமைப்பைத் திருத்த முயன்றனர். இங்கே கத்தோலிக்கராகிய நாம் வருத்தத்தோடு நினைவுகூர வேண்டிய செய்தி ஒன்றுண்டு. திருத்தந்தை பதின்மூன்றாம் லியோ 1891ஆம் ஆண்டிலேயே 'ரேரும் நோவாரும்' என்னும் சுற்றுமடலில், உடலும் உள்ளமும் போதிய வளர்ச்சி பெறுமுன் பிள்ளைகளைத் தொழிற்சாலைகளில் சேர்க்கலாகாது என்று எச்சரித்திருந்தார். இளம் பருவத்துக் கடும் உழைப்பு வசந்தத்தின் மொட்டைக் கருக்குவதுபோல் குழந்தையின் ஆற்றலைக் கருக்கிவிடும் என்று அவர் கருதினார். அதை உள்ளத்தில் ஏற்ற அருட்தந்தை ஜான் ரயன் போன்றோர் 1924இன் திருத்தத்தை ஆதரித்தனர். ஆனால் பாஸ்டன் பேராயர் கர்தினால் வில்லியம் ஓ'கானல் அதைக் கடுமையாக எதிர்த்தார். அரசு குடும்பத்துக்குள் நுழைந்து பெற்றோரின் உரிமையைப் பறித்துவிடும் என்பது அவருடைய அச்சம். அம்மாநிலத்தில் அவ்வாண்டு நவம்பரில் நடந்த வாக்கெடுப்பில் திருத்தம் பெருந்தோல்வி கண்டது. போதிய மாநிலங்களின் ஒப்புதல் கிட்டாமல் அது இன்றளவும் கிடப்பில் உள்ளது.

கர்தினாலின் அச்சத்தை நாம் எளிதாக ஒதுக்கிவிட முடியாது. குடும்பத்தின் உரிமை திருச்சபை என்றும் போற்றும் ஒன்று. கோட்பாடு நல்லதுதான். ஆயினும் அக்கோட்பாட்டைப் பேசிய வேளையில், இயந்திரத்தில் கையூன்றி நின்ற ஒரு குழந்தையின் முகம் கண்முன் இருந்ததா என்று கேட்கத் தோன்றுகிறது. ஒரு நல்ல கொள்கையும் முகங்களை மறந்தால், அநீதிக்குக் காவல் நிற்க நேரிடும். இதைப் பிறரைக் குறை கூறச் சொல்லவில்லை. நம் மனச்சான்றுச் சோதனைக்காகச் சொல்கின்றோம்.

1938இல்தான் நியாயமான தொழில் தரச் சட்டம் நிலைத்த பாதுகாப்பைத் தந்தது. 1918இன் தீர்ப்பை உச்ச நீதிமன்றமே மாற்றியது 1941 பிப்ரவரியில். ஹைன் அதைக் காணவில்லை. அதற்கு மூன்று மாதங்களுக்கு முன், 1940 நவம்பரில், வறுமையில் இறந்துபோனார்.

பெயரும் முகமும்

வடக்கு பவுனல் சிறுமி என்ன ஆனாள்? அவளுடைய பெயர் ஆடி கார்டு. ஆனால் குடும்பப் பெயர் எங்கோ பிழைபட்டு, லேர்டு என்று பல்லாண்டுகள் வழங்கிவந்தது. 1998இல் அமெரிக்க அஞ்சல் துறை அவளுடைய படத்தை அஞ்சல்தலையாக வெளியிட்டது. இலட்சக்கணக்கானோர் அவள் முகத்தை உறைகளில் ஒட்டினர். அவள் யார் என்று பெரும்பாலோர் அறியார். பின்னர் எழுத்தாளர் எலிசபெத் வின்த்ராப்பும் ஆய்வாளர் ஜோ மேனிங்கும் பழைய பதிவேடுகளைத் துருவிச் சரியான பெயரைக் கண்டனர். தொண்ணூறு வயதைக் கடந்து வாழ்ந்த அவர், 1993இலேயே இறந்துவிட்டிருந்தார். தம் முகம் ஒரு நாட்டின் மனச்சான்றுக்கு அடையாளமான செய்தி அவருக்குத் தெரியாது. உலகம் அந்த முகத்தைப் போற்றிய நாள்களிலும், அம்முகத்துக்குரியவர் எளிய வாழ்வே வாழ்ந்திருக்கின்றார்.

இதிலும் நமக்கு ஒரு பாடம் உண்டு. ஒருவரை எடுத்துக்காட்டாக்கிவிட்டு ஆளை மறந்துவிடுவது எளிது. நம் பங்குகளிலும் உதவி பெறுவோரைப் பட்டியலில் எண்ணாகவும் படத்தில் ஒரு முகமாகவும் கண்டு மகிழ்ந்துவிட்டு, பெயரைக் கேளாமல் போவதுண்டு. நல்ல ஆயன் தன் ஆடுகளைப் பெயர் சொல்லி அழைப்பவன் என்று ஆண்டவர் கற்பித்தார். பெயரைத் தேடி அலைந்த அந்த இருவரும் செய்தது, ஒரு வகையில் அந்த ஆயனின் பணியே.

நாமும் படத்தில் இருக்கின்றோம்

இனி, தொடக்கத்தில் எழுப்பிய கேள்விக்கு வருவோம். அச்சிறுமியின் கண்கள் நம்மிடம் கேட்பது என்ன? அவளுக்கு இனி நாம் எதுவும் செய்ய இயலாது. நம் இரக்கம் நூறாண்டு தாமதித்து வருகிறது. இறந்தோருக்காகச் செபிக்கும் வழக்கமுள்ள நாம் அவருக்காக ஒரு செபம் சொல்லலாம், சொல்வது தகும். ஆனால் அவர் நம்மிடம் கேட்பது அதற்கு மேற்பட்டது என்று எண்ணுகின்றோம். 'என்னை இன்று காண்கின்ற நீங்கள், உங்கள் நாளில் என்னைப் போன்றோரைக் காண்கின்றீர்களா?' என்பதே அக்கேள்வி.

பன்னாட்டுத் தொழில் அமைப்பும் யுனிசெஃபும் 2025இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, 2024ஆம் ஆண்டில் உலகில் ஏறத்தாழ 13 கோடியே 80 லட்சம் குழந்தைகள் தொழிலாளராக இருந்தனர். அவர்களுள் சுமார் 5 கோடியே 40 லட்சம் பேர் உடலுக்கும் உயிருக்கும் கேடான வேலைகளில் இருந்தனர். நம் நாட்டு உச்ச நீதிமன்றமும் சிவகாசித் தீப்பெட்டி, பட்டாசுத் தொழில்களை முன்னிட்டு எழுந்த வழக்கில், 1996 டிசம்பரில், சட்டத்துக்கு மாறாக வேலைக்கு வைக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி இருபதாயிரம் ரூபாய் செலுத்த வேண்டும் என்று தீர்ப்பளித்தது. அமெரிக்க ஆலைகளைப் பற்றிய கதை நமக்கு அயலாரின் கதையாக இருக்கவில்லை.

பொதுத் தீர்வை பற்றிய மத்தேயு நற்செய்திப் பகுதியில், இடப்பக்கம் நிற்போர் ஆண்டவரிடம் ஒரு கேள்வி கேட்கின்றனர்: உம்மை நாங்கள் எப்போது பசியோடும் ஆடையின்றியும் கண்டோம் என்று. அவர்கள் பொய் சொல்லவில்லை. மெய்யாகவே அவர்கள் காணவில்லை. காணாமையையே அவர்கள் தங்களுக்குச் சாக்காகக் காட்டுகின்றனர்; ஆண்டவரோ அந்தக் காணாமையையே குற்றமாக எண்ணுகின்றார்.

இன்று நம்மிடம் புகைப்படங்களுக்குக் குறைவில்லை. திருமுழுக்கு, புதுநன்மை, திருமணம், பங்குத் திருவிழா என்று ஒவ்வொரு நாளையும் படமாக்கி வைக்கின்றோம். நூறாண்டு கழித்து யாரோ ஒருவர் அவற்றை எடுத்துப் பார்ப்பார். நம் ஆடைகளையும் அணிகளையும் கண்டு புன்னகைப்பார். அப்போது அவருடைய பார்வை, நாம் கவனியாத ஒரு மூலைக்குப் போகலாம். விருந்தில் எச்சில் இலை எடுப்பவள், நம் குழந்தையை இடுப்பில் சுமந்தபடி சற்று விலகி நிற்கும் வேறொரு வீட்டுக் குழந்தை, பந்தலுக்கு வெளியே காத்திருப்பவர் என யாரேனும் அங்கே நிற்கக்கூடும். இவர்களை அவர்கள் தினமும் கண்டார்களே, ஏன் காணவில்லை என்று அவர் வியக்கக்கூடும்.

அந்த வருங்கால மனிதர் நம்மைப் பற்றி என்ன எண்ணுவார் என்பது பெரிதன்று. அந்த மூலையில் நிற்பவரை நாம் இன்றே காண முடியும் என்பதே பெரிது. வீட்டில் உள்ள படத்தொகுப்பை ஒருமுறை எடுத்து, நடுவில் இருப்போரை விட்டு ஓரத்தில் நிற்போரை மட்டும் பார்த்து வருவோம். அவர்களுள் எத்தனை பேரின் பெயர் நமக்குத் தெரியும் என்று எண்ணிப் பார்ப்போம். தெரியாத பெயர்களை நாளைக் காலை கேட்டறிவோம். கேட்டபின் செய்ய வேண்டியது என்னவென்பதை அந்த முகமே நமக்குச் சொல்லும்.